மார்கழிக் குளிரில் பழைய மெசி 135 மூன்று இடத்தில் ஒழுகுகிறது

மல்லாவி வயல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா காலத்து மெசி பெர்குசன் 135 ரக்ரர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். புழுதி உழவும் விதைப்பும் அதில்தான் நடந்தது, அப்போது ஒரு சொட்டும் விழவில்லை. கார்த்திகை மழை பிடித்த பிறகு பெரிதாக வேலை இல்லை. முன்பாதி கொட்டிலுக்குள்ளும் பின்பாதி வெளியிலுமாக நின்றது. குளிர் தொடங்கியதிலிருந்து விடிய எழும்பிப் பார்த்தால் நிலத்தில் மூன்று இடத்தில் ஈரம்.

எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்துக்கு நேர் கீழே கறுப்பு ஒயில். இடப்பக்கப் பின் சில்லின் உட்பக்கம், பிரேக் ட்ரம்மின் அடியில் பிசுபிசுப்பு. றேடியேற்றருக்குப் பின்னால் தண்ணீர். ஆனால் எஞ்சின் சூடாகினால் அது நின்றுவிடுகிறது.

ஒரு கராஜில் காட்டினோம். குனிந்து பார்த்துவிட்டு, "பின் மெயின் சீல், அதாவது எஞ்சின் தண்டின் பின்முனையில் ஒயிலை மறிக்கும் வளையம், போய்விட்டது, ரக்ரரை இரண்டாகப் பிரிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். தை கடைசியில் அறுவடை. நெல் ஏற்ற இதை விட்டால் வேறு இல்லை. இப்போது பிரித்தால் அறுவடைக்குள் பொருத்த முடியுமா என்று பயமாக இருக்கிறது. பிரிக்கத்தான் வேண்டுமா? எப்படி நிச்சயப்படுத்துவது?

கிளிநொச்சி ஸ்பனர்:

தங்கச்சி, இப்போதைக்கு ஒரு சீலும் வாங்க வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். பழைய ரக்ரரில் ஒயில் சொட்டும் இடம் ஒன்று, அது வெளியே வரும் இடம் வேறொன்று. மேலே எங்கோ கசிகிற ஒயில் எஞ்சின் உடம்பு வழியே இறங்கி, விசிறிக் காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் ஆகத் தாழ்வான இடத்தில் சொட்டும். உங்கள் ரக்ரரில் ஆகத் தாழ்வான இடங்களில் ஒன்று கிளச் வீட்டின் (எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் கிளச்சை மூடும் கூடு) அடிப்பக்கம். ஆகவே அங்கே கறுப்பு ஒயில் கண்டதும் மெயின் சீல் என்று முடிவு கட்டக்கூடாது.

முதலில் கழுவுங்கள். கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய பிரஷ், பிறகு சவர்க்காரத் தண்ணீர். ஓல்ரனேற்றருக்கும் டீசல் பம்புக்கும் பொலித்தீன் சுற்றிவிட்டுக் கழுவ வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு சந்தேகமான இடங்களில் குழந்தைப் பிள்ளைக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். ஒரு பத்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டுப் பார்த்தால் வெள்ளையில் ஈரக்கோடு தெரியும். அந்தக் கோட்டை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு போங்கள். ஆக உயரத்தில், ஆக முன்னுக்கு நனைந்திருக்கும் இடம்தான் உண்மையான இடம்.

இரவுக்கு அடியில் பெரிய கார்ட்போட் மட்டை விரியுங்கள். முன்சில்லு, பின்சில்லு எங்கே நிற்கிறது என்று மட்டையில் பேனையால் குறியுங்கள். விடிய ஒவ்வொரு கறையையும் பார்த்தால் எது என்ன என்று தெரியும். கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில். மஞ்சள் அல்லது மண்ணிறம் என்றால் கியர் பெட்டி. 135இல் கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான், ஒரே தொட்டிதான், அதை மறக்க வேண்டாம். டீசல் என்றால் மட்டையில் அகலமாகப் பரவி மணக்கும். தண்ணீர் காய்ந்து ஓரத்தில் துருக்கோடு மட்டும் மிஞ்சும்.

இன்னொன்று. கிளச் வீட்டின் அடியில் ஒரு சிறு ஓட்டை, அதில் ஒரு ஸ்பிளிட் பின் ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே ஒயில் தேங்காமல் வெளியே விடத்தான் அந்த ஓட்டை. பின்னைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒயில் அந்த ஓட்டைக்குள் இருந்து வருகிறதா, வெளியே விளிம்பு வழியே வருகிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

நெடுங்கேணி பொடியன்:

அக்கா, எங்கள் பக்கம் ஒயில் ஒழுகினால் 90 கியர் ஒயிலை ஊற்றுவார்கள். தடிப்பாக இருப்பதால் ஒழுகாது. கடையில் ஒழுக்கு நிறுத்தும் மருந்தும் விற்கிறார்கள், எஞ்சினில் விட்டால் சீல் ஊதிக்கொள்ளும் என்கிறார்கள். அறுவடை வரை அப்படிச் சமாளிக்கலாமே?

கிளிநொச்சி ஸ்பனர்:

தம்பி, 135இல் ஹைட்ரோலிக் பம்ப் கியர் ஒயிலுக்குள்தான் மூழ்கி வேலை செய்கிறது. அதற்குள் 90 விட்டால் குளிர்ந்த விடியலில் பம்ப் இழுக்கச் சிரமப்படும், பின்னால் கலப்பையைத் தூக்கும் கைகள் மெதுவாக எழும்பும், சத்தமும் வரும். உனது ரக்ரரில் ஹைட்ரோலிக் காலையில் சோம்பி மத்தியானம் சரியாகினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

ஒழுக்கு மருந்து ரப்பர் சீலைக் கொஞ்சம் மென்மையாக்கும், அவ்வளவுதான். பழைய பேர்கின்ஸில் பின் மெயின் சீல் ரப்பரே இல்லை, கயிறு மாதிரி இரண்டு துண்டு. அதை மருந்து என்ன செய்யும்? காசுதான் வீண். இரண்டு பாகத்துக்கு இடையில் வைக்கும் காஸ்கெற் கிழிந்திருந்தாலும் போல்ற் இளகியிருந்தாலும் எந்த மருந்தும் உதவாது.

பூநகரி ஐயா:

பிள்ளை, எஞ்சின் டிப்ஸ்ரிக்கை, அதுதான் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை, விடிய இழுத்துப் பார். ஒயில் குறைகிறதா, கூடுகிறதா? ஒழுகுகிற எஞ்சினில் ஒயில் குறைய வேண்டும். குறையாமல் நின்றாலோ கூடினாலோ உள்ளே வேறு ஏதோ இறங்குகிறது. விரலில் தொட்டு மணந்து பார். டீசல் மணம் அடித்து, ஒயில் தண்ணியாக ஓடினால் தொட்டியிலிருந்து டீசலை இழுக்கும் லிப்ட் பம்பின் டயபிரம் கிழிந்திருக்கும், அல்லது டீசல் பம்பின் தண்டுச் சீல் போயிருக்கும். அப்படித் தண்ணியான ஒயில் எல்லாச் சீல் வழியாகவும் வெளியே வரும். ஒழுக்கைத் தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் பெயாரிங் தேய்ந்து போய்விடும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வன்னியில் நிற்கிற பழைய ரக்ரர்களில் பல போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது டீசல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடியவை. இந்த எஞ்சினில் வரும் சிஏவி டீசல் பம்புக்குத் தனி ஒயில் கிடையாது, தனக்குள் ஓடும் டீசல்தான் அதற்கு மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுக்கல் குறைவு. அந்தக் காலத்துத் தேய்மானம் இன்னமும் சில பம்புகளுக்குள் இருக்கிறது. வெளியே பெயின்ற் புதிதாக இருக்கலாம், பம்பின் வயது அப்படியேதான்.

கழுவிய பிறகு, பம்பிலிருந்து சிலிண்டர்களுக்கு டீசல் கொண்டு போகும் இன்ஜெக்டர் குழாய்களில் கசிவைத் தேடினால் கையால் தடவிப் பார்க்காதே. ஓடுகிற எஞ்சினில் அந்தக் குழாயில் இருந்து ஊசி முனை அளவில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை அழுகும், விரலை எடுக்க வேண்டியும் வரலாம். அப்படிப் பட்டால் வலி இல்லை என்று வீட்டில் நிற்கக்கூடாது, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மட்டைத் துண்டைப் பிடித்துப் பார், மட்டை நனைந்தால் அங்கேதான்.

ஒன்ராறியோ குளிரில்:

நான் முல்லைத்தீவுப் பக்கம், இப்போது கனடாவில் ஒரு பண்ணையில் வேலை. இங்கே குளிரில் ஒழுக்கு என்பது ஒவ்வொரு வருடமும் வருவது, அதனால் எழுதுகிறேன்.

குளிர் சீலை ஓட்டையாக்குவதில்லை. ஏற்கனவே வயதாகி இறுகின ரப்பரைக் காட்டிக்கொடுக்கிறது. ரப்பர் குளிரில் விறைக்கும், தண்டோடு ஒட்டி நிற்காது. ஒயில் தடிப்பாக இருப்பதால் ஸ்ராட் பண்ணியதும் அழுத்தம் எகிறும், அப்போது பில்ரர் காஸ்கெற், ஒயில் கேஜ் குழாய் போன்ற இடங்களில் கசியும். சூடானதும் இரண்டும் சரியாகி ஒழுக்கு நின்றுவிடும். நீங்கள் சொல்கிற முன்பக்கத் தண்ணீர் இந்த வகைதான். ஹோஸும் அது ஏறியிருக்கும் இரும்புக் கழுத்தும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, கிளிப் அடியில் இடைவெளி விழும். எஞ்சின் குளிர்ந்து நிற்கும்போது கிளிப்பை இறுக்கிப் பாருங்கள். ஹோஸை விரலால் நசுக்கிப் பார்த்து, மரம் மாதிரி இருந்தால் அல்லது வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். வாட்டர் பம்பின் கீழே ஒரு சிறு ஓட்டை இருக்கும். தண்ணீர் அங்கிருந்து வந்தால் கதை வேறு, பம்ப் சீல் போய்விட்டது. இறுக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இங்கே தண்ணீரும் கூலன்ற்றும் சரிக்குச் சரி கலந்து விடுகிறோம், அது கிட்டத்தட்ட மறை 37 பாகை செல்சியஸ் வரை உறையாது. அங்கே உறையும் பயம் இல்லை. ஆனாலும் கூலன்ற் துருவைத் தடுக்கும் என்பதற்காகவாவது விடலாம். ஒரு எச்சரிக்கை: கிணற்றுத் தண்ணீரில் வருடக்கணக்காக ஓடிய றேடியேற்றருக்குள் காவி கட்டியிருக்கும். கூலன்ற் அதைக் கரைக்கும்போது அடைபட்டிருந்த ஓட்டைகள் திறக்கலாம். அறுவடை முடிந்த பிறகு அதைச் செய்யுங்கள்.

பூநகரி ஐயா:

தம்பி சொல்வது சரி. ஆனால் எங்கள் குளிர் 20 பாகையை ஒட்டின குளிர்தான். 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் குளிரில் விழுந்து செத்தன, அந்தளவு குளிர் இங்கே அரிது. இங்கே ரக்ரரைக் கெடுப்பது குளிரை விட ஈரம். மழையில் நிற்பது, ஓடாமல் நிற்பது. பிள்ளை, கியர் ஒயிலின் நிறத்தையும் பார்த்துச் சொல்.

மல்லாவி வயல்காரி:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி கழுவி, பவுடர் போட்டு, மட்டை விரித்துப் பார்த்தேன். தம்பியும் கூட நின்றான்.

எஞ்சின் ஒயில் டிப்ஸ்ரிக்கில் கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. டீசல் மணம் இல்லை. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்பக்கம் வெள்ளையாக வெண்ணெய் போட்ட மாதிரி இருக்கிறது. எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் காஸ்கெற் போய், தண்ணீர் ஒயிலுக்குள் வருகிறதோ?

ஸ்பிளிட் பின்னைக் கழற்றினேன், மண் அடைத்திருந்தது. குத்திவிட்டேன். ஓட்டைக்குள் இருந்து வந்தது சில சொட்டு, அதுவும் கறுப்பு இல்லை, மங்கின நிறம். கறுப்பு ஒயில் வெளி விளிம்பு வழியே வருகிறது. பவுடரில் கோடு மேலே போய், எஞ்சினின் உச்சியில் இருக்கும் ரொக்கர் மூடியின் பின் மூலையில் முடிகிறது.

கியர் ஒயில் பால் தேத்தண்ணி நிறம். அளவு மேல்க்கோட்டைத் தாண்டி நிற்கிறது. நாங்கள் ஒயில் விடவே இல்லை!

முன்பக்கத் தண்ணீர் மேல் ஹோஸின் கிளிப்பில்தான். இறுக்கியதும் குறைந்துவிட்டது, ஹோஸ் இறுகிப் போய் இருக்கிறது. புதிது வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

கிளிநொச்சி ஸ்பனர்:

தங்கச்சி, இவ்வளவு தெளிவாகப் பார்த்து எழுதினால் கராஜில் நிற்கிறவனுக்கே வேலை சுகம். பார்த்தீர்களா, மெயின் சீல் இல்லை. பிரிக்கத் தேவையில்லை.

மூடியின் வெள்ளைக்குப் பயப்பட வேண்டாம். ஈரக் காலத்தில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினால் உள்ளே வியர்த்து, ஆகக் குளிரான இடமான மூடியில் அப்படிப் பிடிக்கும். ஹெட் காஸ்கெற் என்றால் டிப்ஸ்ரிக்கில் இருக்கும் ஒயிலே வெளுக்கும், றேடியேற்றரில் தண்ணீர் காரணமில்லாமல் குறையும், குளிர் எஞ்சினில் றேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்ராட் பண்ணினால் விடாமல் குமிழி வரும். சூடான எஞ்சினில் மட்டும் அந்த மூடியில் கை வைக்கக்கூடாது. ஒயில் மூடியைத் துடைத்துவிட்டு ஒரு நாள் பாரத்தோடு ஓட்டுங்கள். திரும்பப் பிடிக்காவிட்டால் அது வெறும் வியர்வை.

இப்போது ரொக்கர் மூடி. காஸ்கெற் வாங்குவதற்கு முன் எஞ்சின் மூச்சு விடும் குழாயைப் பாருங்கள், மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும் குழாய். பிஸ்டனைத் தாண்டி வரும் காற்று அது வழியேதான் வெளியேற வேண்டும். அது அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் கட்டி, எந்த மூலை பலவீனமோ அந்த வழியே ஒயிலைத் தள்ளும். புதுக் காஸ்கெற் போட்டாலும் திரும்பத் தள்ளும், இல்லாவிட்டால் இன்னொரு இடத்தில் தொடங்கும். கொட்டிலுக்குள் ஓடாமல் நின்ற ரக்ரர் என்கிறீர்கள். குளவி மண்கூடு கட்டியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மெல்லிய கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். கியர் பெட்டிப் பக்கம் இருக்கிற மூச்சுத் துளையையும் விடாதீர்கள்.

சுத்தமாக்கிய பிறகும் ஒயில் மூடியைத் திறந்தால் புகை குபு குபு என்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அதுவும் இந்த அறுவடைக்குத் தடையில்லை.

பூநகரி ஐயா:

கியர் ஒயில் கதை எனக்கு இப்போது விளங்குகிறது. மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கியர் தடியின் அடியில் இருக்கிற ரப்பர் கிழிந்திருக்கும், தடி வழியே வழிந்த தண்ணீர் நேரே பெட்டிக்குள். தண்ணீர் சேர்ந்ததால் அளவு ஏறியது. அளவு ஏறினால் ஒயில் முன்னுக்குக் கிளச் பக்கமும் பின்னுக்கு அச்சு வழியே சில்லுப் பக்கமும் தேடிக்கொண்டு போகும். ஓட்டைக்குள் வந்த மங்கின சொட்டும், பிரேக் ட்ரம்மில் இருக்கிற பிசுபிசுப்பும் இதுதான் என்பேன். ரக்ரர் நிற்கிற நிலம் இடப்பக்கம் சரிவா?

நெடுங்கேணி பொடியன்:

அப்படியென்றால் ஒயிலைக் கொஞ்சம் இறக்கி அளவைச் சரியாக்கினால் போதுமா ஐயா?

பூநகரி ஐயா:

போதாது. இறக்குவது ஒயிலாக இருந்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். ரக்ரரை இரண்டு நாள் அசைக்காமல் விட்டு, அடி நட்டை மெல்ல இளக்கினால் முதலில் தண்ணீர் வரும், அது இலகுவாகப் பிரிகிற பங்கு. பாலாகக் கலந்துவிட்டது பிரியாது. ஆகவே சூட்டோடு முழுவதையும் இறக்கி, பில்ரரைக் கழுவி, ரக்ரருக்கென்று விற்கிற கியரும் ஹைட்ரோலிக்கும் சேர்ந்த ஒயிலை விட வேண்டும். மலிவு ஒயிலில் ஒரு முறை விட்டு ஓட்டி இறக்கிவிட்டு, பிறகு நல்லதை விட்டால் இன்னும் சுத்தம். செலவுதான். ஆனால் தண்ணீர் நின்ற பெட்டியில் பெயாரிங்கும் ஹைட்ரோலிக் பம்பும் துருப்பிடித்தால் அந்தச் செலவுக்கு இது கால்வாசியும் வராது. ரப்பரை மாற்றாமல் ஒயிலை மாற்றவே வேண்டாம்.

இறக்கும் ஒயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதே பிள்ளை. ஒரு கலனில் சேர்த்து வை, வேலிக் கட்டைக்குக் கறையானுக்குப் பூச எவரும் கேட்பார்கள். அதையும் மழை இல்லாத நாளில், கிணற்றுக்குத் தூரத்தில்.

ஒன்ராறியோ குளிரில்:

பிரேக்கைப் பற்றி ஒருவரும் அழுத்திச் சொல்லவில்லை. அக்கா, எனக்கு ஆகப் பெரிய கவலை அதுதான். 135இன் பிரேக் உலர்ந்த ட்ரம், கம்பியால் இழுக்கிறது, பிரேக் ஒயில் என்று ஒன்றே இல்லை. ஆகவே ட்ரம்மில் ஈரம் கண்டால் அது கியர் ஒயில்தான். ஒரு பக்கப் பிரேக் சூவில் (ட்ரம்மை உள்ளே அழுத்திப் பிடிக்கும் கட்டை) ஒயில் பட்டால் அந்தப் பக்கம் பிடிக்காது. இரண்டு பிரேக் பெடலையும் கொளுவிக்கொண்டு மிதித்தாலும் ரக்ரர் மற்றப் பக்கம் இழுக்கும். பின்னால் நெல் ஏற்றிய இழுவைப் பெட்டி இருந்தால் அது ரக்ரரை மடக்கிவிடும். ஏ9 மாதிரி ஓட்டமான ரோட்டில் அதை நினைக்கவே முடியாது.

ஒயில் ஊறிய சூவைப் பெற்றோல் விட்டுத் துடைத்தால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், பாரத்தில் சூடானதும் உள்ளே ஊறியது திரும்ப வெளியே வரும். சூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் மாற்றத்தான் வேண்டும், ஒரு பக்கம் மட்டும் இல்லை, இரண்டு பக்கமும் சோடியாக. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சில்லைக் கழற்றும்போது ஜாக்கை மட்டும் நம்பாமல் அச்சுக்கு அடியில் மரக்குத்தி வையுங்கள், மற்றச் சில்லுகளுக்கு முட்டுக் கொடுங்கள்.

கிளிநொச்சி ஸ்பனர்:

முழுக்கச் சரி. ட்ரம்மைக் கழற்றினால் அச்சின் சீலையும் அதோடு மாற்றிவிடுங்கள். அளவு கூடினதால்தான் தாண்டியது என்றாலும், தாண்டவிட்ட சீல் பழையது. சீல் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டு போய், உதட்டின் அகலத்தையும் வெளிவிட்டத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். சீல் வரும் பெட்டியில் 135 என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து வாங்கி, பொருத்தும்போது தளர்ந்து நின்றதைக் கண்டிருக்கிறேன். ஏற்றும்போது உதட்டுக்கு ஒயில் பூசுங்கள், தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் புதுச் சீலும் நிற்காது.

மல்லாவி வயல்காரி:

மூச்சுக் குழாய்க்குள் குளவிக்கூடுதான்! கம்பி விட்டதும் காய்ந்த மண் கட்டி கட்டியாக விழுந்தது. குழாயைக் கழற்றிக் கழுவிப் போட்டுவிட்டு, ரொக்கர் மூடிக்குப் புதுக் காஸ்கெற்றும் வைத்தோம். பாரத்தோடு ஓட்டிப் பார்த்தாயிற்று, பவுடரில் ஈரம் இல்லை. மூடியில் இருந்த வெள்ளையும் திரும்ப வரவில்லை.

கியர் தடி ரப்பர் கிழிந்துதான் இருந்தது, இருக்கையின் நிழலில் தெரியவே இல்லை. மாற்றியாயிற்று. ஐயா கேட்டபடி நிலத்தையும் பார்த்தேன், இடப்பக்கம் நன்றாகச் சரிவு. அடி நட்டை இளக்கியதும் முதலில் வெறும் தண்ணீர்தான் கொட்டியது, அப்பாவுக்கே நம்ப முடியவில்லை. புது ஒயில் விட்டு, அளவு கோட்டில் நிற்கிறது. முன் ஹோஸும் மாற்றியாயிற்று.

பிரேக் இரண்டு பக்கமும் பிரித்து வைத்திருக்கிறோம். இடப்பக்க லைனிங் முழுக்க ஊறிப் போய் இருக்கிறது, வலப்பக்கம் காய்ந்துதான் இருக்கிறது. லைனிங் வரும் வரைக்கும் இழுவைப் பெட்டி கொளுவுவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஒரு கேள்வி மிச்சம். கிளச் ஓட்டையில் இன்னமும் இடைக்கிடை ஒரு சொட்டு மங்கின ஒயில் வருகிறது. அளவைச் சரியாக்கின பிறகும்.

கிளிநொச்சி ஸ்பனர்:

உள்ளே தேங்கியிருந்தது முழுவதும் வடியக் கொஞ்ச நாள் எடுக்கும். நிச்சயப்படுத்த ஒரு வழி சொல்கிறேன். ஒரு இரவு ரக்ரரை முன்பக்கம் பள்ளமாக நிறுத்துங்கள், இன்னொரு இரவு முன்பக்கம் மேடாக. முன்பக்கம் பள்ளமாக நிற்கும்போது கியர் ஒயில் முன்னுக்கு வந்து, கியர் பெட்டியிலிருந்து கிளச்சுக்கு வரும் தண்டின் சீலில் முட்டும். அப்போது சொட்டுக் கூடினால் அந்தச் சீல் போய்விட்டது. மேடாக நிற்கும்போது கறுப்பாகச் சொட்டினால்தான் மெயின் சீலைப் பற்றிப் பேச வேண்டும்.

கியர்ப் பக்கச் சீல் என்றாலும் அதற்கும் பிரிக்கத்தான் வேண்டும், ஆனால் அவசரம் இல்லை. கிளச் வழுக்காத வரைக்கும், ஓட்டை அடைபடாமல் இருக்கும் வரைக்கும் ஓட்டலாம். விடிய டிப்ஸ்ரிக் இரண்டையும் பாருங்கள், பின்னை ஒரு தடவை ஆட்டிவிடுங்கள். பாரத்தில் எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச்சில் ஒயில் பட்டுவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கு நிறுத்த வேண்டும். பங்குனியில் வேலை குறைந்ததும் கிளிநொச்சிக்குக் கொண்டு வாருங்கள், பிரிக்கும்போது இரண்டு சீலையும் கிளச் தட்டையும் ஒன்றாகப் பார்த்துவிடலாம். அதுவரை ரக்ரர் முழுவதும் கூரைக்குள் நிற்கட்டும். கூரை போதாவிட்டால் கியர் தடிக்கு மேலே ஒரு தறப்பாள் துண்டையாவது கட்டிவிடுங்கள்.